என் பிள்ளைக்கு நானே போட்டுக்கொடுத்த வழி

1

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே வாசகசாலைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது என்று எனக்குத் தெரியும். என் அத்தான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து உரக்கப் படிப்பார், அக்கா வேலை செய்துகொண்டே கேட்பாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரு வருஷமாக அக்காவுக்கு நான் எழுதிய கடிதங்களில் உண்மை இல்லை. தபால் காகிதத்தை எடுத்தாலே என் கை பொய்யை எழுதப் பழகிவிட்டது. அதனால் நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் பொய் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

நான் ஜொகூரில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி. கிராணி என்றால் அங்கே நீங்கள் சொல்லும் குமாஸ்தா. விடிவதற்கு முன்னால் பிரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைக் குறித்து, வேலைக்கு அனுப்பிவிட்டுத்தான் பசியாற வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. என் ஒரே மகன் தியாகராஜன் இங்கேயே பிறந்தவன். என் அக்கா மகள் கமலாவை அவனுக்குக் கட்டுவதாக வார்த்தை கொடுத்தவன் நான். போன ஆவணியில் நடந்திருக்க வேண்டிய கல்யாணம். தியாகுவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் என்று எழுதினேன், தைக்குத் தள்ளிப் போட்டார்கள். இன்னும் தேறவில்லை என்று எழுதினேன், பங்குனிக்குத் தள்ளினார்கள். போன வாரம் அக்காவிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. காய்ச்சல் இறங்கியதா, இந்த ஆவணிக்காவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள்.

காய்ச்சலாவது மண்ணாவது. பையன் வீட்டிலேயே இல்லை. இந்த வைகாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். எந்த வழியாகப் போனான், எந்த மேட்டில் இறங்கித் தள்ளினான், எங்கே தண்ணீர் குடித்தான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த வழியை உட்கார்ந்து போட்டுக்கொடுத்ததே நான்தானே.

2

தியாகுவுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்தே வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மனக்கணக்குப் போடும்போது உதடு இங்கிலீஷில் அசையும். கோபம் வந்தால் மலாய் வரும். தமிழை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான், அதிலும் பெரும்பாலும் "ம்" என்ற ஒரே எழுத்துதான். சாப்பிட்டாயா, ம். பரீட்சை எப்படி, ம். இங்கே எத்தனையோ தகப்பன்மார் இந்த "ம்"மோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள், நான் மட்டும் விதிவிலக்கா என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

அப்படி இருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான். மெர்சிங் வரைக்கும் இந்தச் சைக்கிளில் போக முடியுமா அப்பா என்று கேட்டான். மெர்சிங் என்பது ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர். எங்கள் தோட்டத்திலிருந்து ஐம்பது கட்டைக்கு மேல் இருக்கும். இங்கே மைலைக் கட்டை என்பார்கள். நான் எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட இல்லை, பேச ஆரம்பித்தவன் மத்தியானம் வரைக்கும் நிறுத்தவில்லை. பிள்ளை என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

அன்றைக்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்கே போயிற்று. தோட்டத்தை அளக்க வந்த ஒருவரிடம் கெஞ்சிப் பழைய மேப் ஒன்று வாங்கினேன். பசியாறிவிட்டு அதைக் கூடத்தில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர், ஸ்பானர், செம்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கைக்குக் கிடைத்ததை வைப்போம். தையல் நூலை நனைத்துச் சாலையின் வளைவு நெளிவுக்குத் தக்கபடி ஒட்டவைத்துத் தூரம் அளப்போம். அந்த மேப்பில் மேடு பள்ளம் காட்டவில்லை. ஆனால் சாலை காரணமே இல்லாமல் நெளிந்து நெளிந்து போனால் அங்கே மேடு இருக்கிறது என்று தியாகு கண்டுபிடித்தான். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்கள் பேர் எழுதித் தீர்ந்த பழைய செக்ரோல் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களில் எல்லாவற்றையும் குறித்தோம். மேடுகளை மூன்று ஜாதியாகப் பிரித்தோம். உட்கார்ந்தே மிதிக்கக்கூடியது, எழுந்து நின்று மிதிக்க வேண்டியது, இறங்கித் தள்ள வேண்டியது. ஓரத்தில் உ, எ, இ என்று எழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு "இ"க்குப் பிறகும் தண்ணீர் எங்கே என்று எழுத வேண்டும். சீனர் கடையா, ஓடையா, கம்பம் என்று இங்கே சொல்லும் மலாய்க் கிராமத்தில் யார் வீட்டுக் கிணறா. ஜெமாலுவாங் தாண்டியதும் "இ"யாகவே வரும். அதையும் தாண்டினால் ஒரு வளைவில் திடீரென்று கடல் தெரியும், தீவுகள் தெரியும். அந்த வளைவுக்குப் பிற்பகலில் போய்ச் சேர வேண்டும் என்று நான் எழுதினேன். காலையில் போனால் வெயில் எதிரே கண்ணில் அடிக்கும், தீவு தெரியாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் அந்தக் கரையில் மழையும் அலையும் கொட்டி முழக்கும், ஆகவே பங்குனிக்கு முன்னால் போகக்கூடாது என்றும் எழுதினேன். மெர்சிங் வரைக்கும் இரண்டு தரம் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். மூன்றாம் தரம் என் இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனோடு போய்வந்தான்.

முழுத் திட்டம் என்னவென்றால், மெர்சிங்கிலிருந்து வடக்கே கடலோரமாகவே எண்டாவ் ஆறு வரைக்கும் போவது. ஜொகூர் அந்த ஆற்றோடு முடிகிறது. அக்கரை பகாங். ரோடு கடலை விட்டு உள்ளே விலகிப் போய்விடும், எங்களுக்குக் கடல்தான் வேண்டும். கம்பத்து ஜனங்கள் நடக்கும் பாதை ஒன்று கரையோடு ஏறி இறங்கிப் போகிறது. ஆனால் ஓரிடத்தில் மலை நேராகக் கடலுக்குள் இறங்கி நிற்கும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும் ஈர மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறையைச் சுற்றிப் போகலாம். ஏறியிருந்தால் ஆள் மூழ்கும்.

அந்த நேரத்தைக் கணிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் கடலோரத்தில் பிறந்தவன் இல்லையா? எங்கள் ஊரில் திதி தெரிந்தால் நீர் தெரியும். அமாவாசையன்று காலை பத்து நாழிகைக்கு நீர் ஏறி நிற்கும், அங்கிருந்து பதினைந்து நாழிகையில் வற்றும், திதிக்குத் திதி இரண்டு நாழிகை தள்ளிப் போகும். எங்கள் செம்படவர்கள் எல்லாரும் விரல் மடக்கிச் சொல்லும் கணக்கு இது. அத்தான் வருஷந்தோறும் அனுப்பும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு வைகாசி மாசம் முழுவதற்கும் நாள்வாரியாக நீர்நேரம் போட்டேன். இரண்டு ஞாயிறு பிடித்தது. தியாகு பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக எழுதினான். ஒரே ஒரு தரம், இது வேற கடலாச்சே அப்பா என்றான். கடல் வேறயா இருந்தா என்னடா, சந்திரன் ஒண்ணுதானே என்றேன். "ம்" என்றான்.

3

கமலா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு தரம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயசு. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இவ என் மருமக என்றேன். சொல்லும்போது கையில் அப்பளம் இருந்தது ஞாபகம். அத்தனை லேசாகச் சொன்னேன். அக்கா லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கப்பலேற்றி அனுப்பும்போது அப்பாவோடு எனக்காகச் சண்டை போட்டவள் அவள். அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நான் எப்படி மாற்றுவேன்?

தியாகுவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் கேட்டு எதுவும் நடந்ததில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

ஆனி மாசக் கப்பலுக்குச் சீட்டு எடுக்க அவனைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனேன். அம்மை குத்திய சீட்டில் அவனுக்கு ஒரு வயசு, பள்ளிக்கூடச் சீட்டில் இன்னொரு வயசு. அதைச் சரிசெய்ய ஒரு ஜன்னல், முத்திரைக்கு ஒரு ஜன்னல் என்று அலைந்து, கடைசி ஜன்னலுக்கு வந்தபோது அங்கே நம் தமிழாள் ஒருவர் இருந்தார். பாரத்தில் எழுத வேண்டும், பையன் சொந்த ஊருக்குப் போகிறானா, வெளியூருக்குப் போகிறானா என்று கேட்டார். சொந்த ஊருக்கு என்றேன் நான். அதே நேரத்தில் தியாகு, வெளியூருக்கு என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்க என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பவும் வரிசையின் கடைசியிலிருந்து நின்றோம். வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாக மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கப்பலுக்கு முந்தி, வைகாசியிலேயே கடலோரப் பயணத்தை முடித்துவிடலாம், கல்யாணத்துக்கு முன்னால் அப்பனும் பிள்ளையும் ஒரு தரம் போய்வந்துவிடுவோம் என்று நான் சொன்னேன். சரிப்பா என்றான். துரையிடம் ஐந்து நாள் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

4

அந்த லீவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில், டியூப் ஒட்டுகிற பசை தீர்ந்துபோச்சு, குளுவாங் போய் வாங்கிட்டு வரேன் என்று தியாகு சைக்கிளை எடுத்தான். நான் பின் சக்கரத்தில் காற்றைக் கிள்ளிப் பார்த்து இன்னும் நாலு அடி அடிடா என்று பம்பை எடுத்துக் கொடுத்தேன். அடித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் வரவில்லை. சிநேகிதன் வீட்டில் தங்கியிருப்பான் என்று மனைவி சொன்னாள். மறுநாள் பிரட்டு முடிந்து வந்தேன். அப்போதும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"போலீசுக்கெல்லாம் வேணாங்க. அவன் குவாந்தானுக்குப் போயிட்டான்."

குவாந்தான் பகாங்கில் இருக்கிறது. அங்கே ஈயச் சுரங்கம் ஒன்றில் தியாகுவின் சிநேகிதனுக்கு அண்ணன் பிளான் படம் வரைகிறவனாக இருக்கிறானாம். அவன் இவனுக்கும் வேலை பார்த்து வைத்திருக்கிறான். மூன்று மாசமாகக் கடிதம் போய் வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். சைக்கிள் தண்டில் கட்டுவதற்கு ஒரு கான்வாஸ் பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அதைத் தைத்தபோது நானே எதிரில் உட்கார்ந்திருந்தேன். மேப்பு மழையில் நனையாமலிருக்க என்று நினைத்து, வாயை இன்னும் இறுக்கமாகத் தை என்று யோசனை சொன்னேன்.

ரயிலில் போக வேண்டியதுதானே, பஸ்ஸில் போக வேண்டியதுதானே, இதென்ன கூத்து என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். குளுவாங் ஸ்டேஷனில் சீட்டுக் கொடுக்கிறவரிலிருந்து கொடி ஆட்டுகிறவர் வரைக்கும் நம்மவர்கள். கிராணி மகன் பெட்டியோடு ஏறினான் என்று அரை மணியில் எனக்குச் செய்தி வந்துவிடும். பெரிய ரோட்டில் போனாலும் அப்படித்தான், வழி நெடுகத் தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம் எனக்குத் தெரிந்த கிராணி. நம் ஆட்கள் யாருமே இல்லாத வழி அந்தக் கடலோரம் ஒன்றுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா நீங்க அவனைக் கட்டிப் போட்டுக் கப்பல் ஏத்தியிருப்பீங்க. அந்த வீட்டுக்கு என் பிள்ளை மாப்பிள்ளையாப் போக வேணாம்னு எனக்கும் இருந்துச்சு."

ஏன் அப்படி இருந்தது என்பதற்கு அவள் ஒரு காரணம் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. அக்காவுக்குத் தெரியும்.

செக்ரோல் புத்தகம் மேசையின் மேல் ஒழுங்காக இருந்தது. அவன் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்திருந்திருக்கிறான். நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக அவன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்தத் துறையில் நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா அப்பா? மெர்சிங்கில தங்காமப் போனா எவ்வளவு நேரம் மிச்சமாகும்? ராவுத்தர் கடை வழியாப் போகாம சுத்திப் போக முடியுமா? ஒவ்வொன்றுக்கும் நான் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்து மயங்கிக் கிடந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

5

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். துரையிடம் பல்வலி, மெர்சிங்கில் ஒரு சீனப் பல்வைத்தியர் இருக்கிறார் என்று சொன்னேன். பல்வலிக்காரன் எதற்குச் சைக்கிளில் போகிறான் என்று அவர் கேட்கவில்லை. கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பையனை எண்டாவிலோ அக்கரையிலோ பிடித்துக் காதைத் திருகிக் கூட்டிவந்துவிடலாம், அக்காவுக்கு எதுவுமே தெரிய வேண்டாம், அதுதான் என் கணக்கு.

புத்தகத்தை ஹேண்டில் கம்பியில் கட்டிக்கொண்டு அதன்படியே மிதித்தேன். "உ" போட்ட இடத்தில் உட்கார்ந்து மிதித்தேன், "எ" போட்ட இடத்தில் எழுந்து நின்றேன், "இ" வந்தால் இறங்கித் தள்ளினேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஜெமாலுவாங் தாண்டி அந்த வளைவுக்கு வந்தபோது பிற்பகல் சரியாக மூன்று மணி இருக்கும். நான் எழுதி வைத்திருந்தபடியே வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. நான் எழுதி வைத்திருந்தபடியே தீவுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தன. இரண்டு வருஷமாக ஆசை ஆசையாகப் பேசிய காட்சி. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. காறித் துப்பிவிட்டு இறக்கத்தில் விட்டேன்.

அன்று மெர்சிங்கில் படுத்திருந்து, மறுநாள் கடலோரப் பாதையைப் பிடித்தேன். பாறை இருக்கும் இடத்துக்கு உச்சிவேளையில் போய்ச் சேர்ந்தேன். என் நீர்க்கணக்கின்படி அந்த நேரத்துக்கு மணல் காய்ந்து கிடக்க வேண்டும். அங்கே மணலே இல்லை. கடல் பாறையின் இடுப்பு வரைக்கும் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திருப்பித் திதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாழிகையைப் பார்த்தேன். அதுவும் சரி. கடலைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தியாகு இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு, இதை நம்பி, இதே பாறைக்கு வந்திருப்பான்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். பாறை இடுக்கில் கான்வாஸ் பை ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று தேடினேன். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு அலை தூக்கிப் பாறையில் மோதியது. பின்னால் ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர். என் வயசு இருக்கும்.

எனக்குத் தெரிந்த மலாய், தோட்டத்தில் வேலை வாங்கும் மலாய். அதை வைத்துக்கொண்டு அழுதபடியே கேட்டேன். சைக்கிள், பை, பையன், இந்தியப் பையன். அவர் தலையை ஆட்டினார். பார்த்தேன், முந்தாநாள் விடியும்போது போனான், அப்போது நீர் வற்றிக் கிடந்தது, கால்கூட நனையவில்லை என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது. பெற்ற கடனுக்கு அந்த நிமிஷம் ஒன்றுதான் நான் அனுபவித்த முழு சந்தோஷம்.

மூச்சு வந்த பிறகு, அவனுக்கு நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நான்தான் சொன்னேன். போன வருஷமே வந்து ரெண்டு நாள் என் வீட்டில தங்கி, எந்த நாளுக்கு எப்ப நீர் வத்தும்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனான். அவன் அப்பா ஒரு கணக்கு வச்சிருக்காராம், அது இந்தியாக் கடலுக்கு உள்ளதாம். இங்கே எல்லாம் தலைகீழா வருதுன்னான்."

போன வருஷம் என்றால், சிநேகிதனோடு போன அந்த மூன்றாம் தரம்; எங்கள் ஊர்க் கணக்கை நான் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம், பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு உட்காருவதற்கு முன்னால். அப்படியானால் அந்த இரண்டு ஞாயிறும் அவன் எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் விரல் மடக்கி நாழிகை சொல்லச் சொல்ல, தப்பென்று தெரிந்துகொண்டே வரிவரியாக எழுதினான். இது வேற கடலாச்சே என்று ஒரு தரம் கேட்டதுகூட எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தது. நான் பிடித்துக்கொள்ளவில்லை என்றதும் விட்டுவிட்டான்.

அவன் ஓடிப்போனதை மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெற்ற தகப்பனை ஒரு பைத்தியக்காரக் கிழவனைப் போல உட்காரவைத்து, போடு போடு என்று தலையாட்டிக்கொண்டிருந்தானே. என்னோடு சண்டை போட்டிருக்கலாம். உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட நான் லாயக்கில்லாதவனாகப் போய்விட்டேன்.

6

நீர் வற்றும் வரைக்கும் அந்த மனிதர் வீட்டில் இருந்தேன். அவரே பாறையைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். வழியில் ஒரு கம்பத்தில் படுத்து எழுந்து, செவ்வாய்க்கிழமை காலையில் எண்டாவ் துறைக்குப் போனேன். அகலமான ஆறு, பழுப்புத் தண்ணீர். ஆளையும் சைக்கிளையும் சம்பானில் ஏற்றி அக்கரை விடுகிறவர் வயசான மலாய்க்காரர். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கியதும், சம்பானிலிருந்து எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். குளுவாங் கிராணியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

என்னை ஏற்ற முடியாது என்றார்.

ஏன் என்று கேட்டேன். சனிக்கிழமை உங்கள் மகனை நான்தான் அக்கரை விட்டேன், அவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்றார். கண்ணாடி போட்ட ஒருவர் சைக்கிளில் வருவார், இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து வருவார், அவர் என் அப்பா. அவருக்கு நெஞ்சில் வியாதி. அக்கரையில் ரோடு கிடையாது, மணலில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், நடுவழியில் விழுந்துவிடுவார். ஏற்றாதீர்கள், ஏதாவது சாப்பிடக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். இப்படிச் சொல்லியிருக்கிறான்.

எனக்கு நெஞ்சில் ஒரு வியாதியும் இல்லை, பையன் சொன்னது பொய் என்றேன்.

"வியாதிக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னும் அவன் சொல்லியிருக்கான்" என்றார் அவர், இரக்கத்தோடு.

கொஞ்சம் தள்ளி ஒரு சீனருடைய சம்பான் நின்றது. கூப்பிட்டால் அவர் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பையன் எனக்கு மூன்று நாள் முன்னால்தான் போயிருந்தான். நான் கூப்பிடவில்லை. இங்கேதான் ஊரில் இருக்கும் நீங்கள் என்னைக் கோழை என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். எத்தனை நாளில் வருவேன், எதோடு வருவேன், எங்கே நிற்பேன் என்று என்னையும் அவன் ஒரு மேடு போலக் குறித்து வைத்துவிட்டான். அப்படிக் குறிக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். அவன் அவ்வளவு தீர்மானமாக இருந்தான். இழுத்துக்கொண்டு வந்தாலும் கமலாவுக்கு யாரைக் கட்டிவைப்பது?

பெரியவர் கோப்பிக் கடையில் ரொட்டியும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். மெதுவாப் போங்க, மேட்டில இறங்கித் தள்ளுங்க என்று சொல்லி அனுப்பினார்.

7

ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவன் அம்மாவுக்குக் கடிதம் வருகிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. என் மனைவிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன் இருக்க, அவள் அந்தக் கடிதத்தை மடியில் சொருகிக்கொண்டு வெயிலில் இரண்டு கட்டை நடந்து, பக்கத்துத் தோட்டத்து மருந்துக்காரர் மனைவியிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருகிறாள். அந்தக் கையெழுத்து நான் கைபிடித்து அரிசியில் எழுதப் பழக்கிய கையெழுத்து. வந்ததும், சோறு போடட்டுமா என்று என்னைக் கேட்பாள். போடு என்பேன். இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

பிள்ளை முதுகில் குத்தினான், பெண்டாட்டி கத்தி எடுத்துக் கொடுத்தாள் என்று ஒரு வருஷமாக நான் உள்ளுக்குள்ளே பொருமிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையையும் அந்தப் பொருமலைக் கொட்டத்தான் ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வரும்போதுதான் அக்காவின் கடிதத்தில் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பது குத்துகிறது.

அக்கா சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதுகிறவள் கமலாதான். ஆனால் இந்தத் தடவை, அக்கா சொல்லி முடித்த பிறகு, அடியில் மூன்று வரி அவளாகவே எழுதியிருக்கிறாள். பொடி எழுத்து. "மாமா, அவருக்கு உடம்பு தேற வேண்டும் என்று போன ஆவணியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி இருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது, அன்றைக்குப் பசியில்லை என்று சொல்லிவிடுகிறேன். இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்கு மட்டும் உண்மையாக எழுதுங்கள்."

வாரம் தவறாமல் அந்தப் பெண்ணைப் பட்டினி போட்டவன் தியாகு இல்லை. அவன் அவளுக்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. வார்த்தை கொடுத்தவன் நான். பிறகு காய்ச்சல் என்று எழுதியவனும் நான்.

அக்கா, தியாகுவுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அவன் வரமாட்டான். இந்த ஆவணிக்குள் கமலாவுக்கு வேறு நல்ல இடமாகப் பார். என்னை நீ என்ன திட்டினாலும் தகும். அத்தான், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால், முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.